கமா மேடம்

காற்புள்ளி வந்ததும் நின்றுவிடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி அல்ல. எழுந்து ஜன்னலோரம் போய், தாளை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்கிறார். ஒரு காற்புள்ளி, ஒரு நிறுத்தம், ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. "சரி, இது ஒண்ணு. இது இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?" என்று தாளையே கேட்கிறார். அதற்குப் பதில் தேடி முடித்த பிறகுதான் அடுத்த காற்புள்ளிக்கு நகர்வார். ஒரே வாக்கியத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியதும் உண்டு.

காப்புரிமை அலுவலகத்தின் ஆறாவது மாடியில், தொலைத்தொடர்புப் பிரிவில், இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பரிசோதகர். 'இதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம். இருபது வருஷத்துக்கு எங்களைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக் கூடாது' என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுக்கும். அது மெய்யாகவே புதியதுதானா என்று பார்த்துச் சொல்வது இவர் வேலை. உரிமை கேட்கும் பகுதி எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அரைப் பக்கம் மூச்சுவிடாமல் ஓடும். இடையில் பிடித்து நிற்கக் காற்புள்ளியை விட்டால் வேறு கம்பி இல்லை. அதனால் அலுவலகம் முழுக்க அவருக்குக் 'கமா மேடம்' என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "கேள்விக்குறின்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் புண்ணியம்," என்பார்.

வெந்நீரை டம்ளரில் குடிக்க மாட்டார். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில்தான். ஒரு மணி நேரத்துக்கு நூறு மில்லி. மேசையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து அறைக்கும் வெறுங்காலோடு போவார். பென்சிலை இரவல் தர மாட்டார். கேட்டால், "கையெழுத்து வேணா கேளுங்க, போட்டுத் தர்றேன்," என்பார். இவற்றையெல்லாம் விட விசேஷமானது அவருடைய நோட்டு. நீள நோட்டு, பக்கத்துக்கு நாலு பத்தி. இன்று 'சாதனம்' என்று எழுதுகிறார்களே, அதற்கு முன்பு 'முனையம்'. அதற்கும் முன்பு 'கையடக்க நிலையம்'. இன்னும் பின்னால் போனால் வெறும் 'செட்'. எந்தப் பொருளை எந்தக் காலத்தில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இருபது வருஷமாக எழுதி வருகிறார். "ஆளு அதே ஆளுதான். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சட்டையை மாத்திக்கிட்டு வந்து, என்னைத் தெரியலையான்னு கேப்பான்."

ஆரம்பத்தில் இப்படி நின்று நின்று வாசித்தவர் அல்ல. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கோப்புகள் மலையாகக் குவிந்திருந்த ஒரு மாதக் கடைசியில், ஒரு கருவிக்கு அவசர அவசரமாக உரிமை கொடுத்துவிட்டார். அதையே வெகு நாளாகச் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறையை அந்த உரிமையைக் காட்டி மூட வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, அந்தக் கருவி புதிதல்ல என்று நீதிமன்றம் உரிமையை ரத்து செய்தது. ஆனால் பட்டறை இருந்த இடத்தில் அதற்குள் ஒரு வாகன நிறுத்தம் வந்துவிட்டது. இவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. காற்புள்ளிக்குக் காற்புள்ளி நிற்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சென்ற வருஷம் அவர் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. விண்ணப்பித்தது பெரிய கம்பெனி. விஷயம் இதுதான்: செல்போன் கோபுரத்தின் உதவியில்லாமல் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. யார் எந்த நேரத்தில் பேசுவது என்று பங்கு போட்டுக் கொடுக்க மேலே ஆள் கிடையாது. ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்டு, காலியாக இருக்கும் நேரத்துண்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கருவிகள் தெரியாமல் ஒரே துண்டை எடுத்துவிட்டால்? பேசும்போது கேட்க முடியாதாகையால், மோதியது இரண்டுக்குமே தெரியாது. மூன்றாவது கருவி ஒன்று அதைக் கவனித்துச் சொல்லும். அதுதான் கண்டுபிடிப்பு என்றது கம்பெனி. ஐந்து காற்புள்ளிகள்.

கோப்போடு ஒரு கடிதமும் இணைந்திருந்தது. தலைக்கவசத்தில் பொருத்தும் ரேடியோ செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் எழுதியது. அவர் முன்னாள் தீயணைப்பு வீரர். 'நாங்கள் பதினேழு பேர். புகைக்குள் போகிறவர்களுக்கும் சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கும் செய்து கொடுக்கிறோம். ஒன்பது வருஷமாக எங்கள் ரேடியோ இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த உரிமை கிடைத்தால் நாங்கள் நிறுத்த வேண்டியதுதான்.' தேதி போட்ட வரைபடம் இருக்கிறதா என்று அலுவலகம் கேட்டதற்கு, இல்லை என்று நேர்மையாகப் பதில் போட்டிருந்தார். தேதியில்லாத உண்மை சட்டத்தின் கண்ணில் உண்மையல்ல. கமா மேடம் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அன்று வெந்நீர் குடுவை நிரம்பியபடியே இருந்தது.

ஐந்தாவது காற்புள்ளி முதலில் பிடிபடவில்லை. மோதிய இரண்டில் ஒன்றை மட்டும்தான் மூன்றாவது கருவி நகரச் சொல்லும், மற்றது அசையாது. ஏன் அப்படி? மறுநாள் காலை வீட்டில், அவரும் நாத்தனாரும் ஒரே மூச்சில் வாயைத் திறந்தார்கள். இவர் "கார் சாவி எங்கங்க?" என்க, மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனார் "அண்ணா, என் குடை?" என்க, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒருத்தர் நிறுத்துங்க," என்றார் அவர்.

இருவரும் நிறுத்தினார்கள். ஒரு நொடிதான். மறுபடி இருவரும் ஒன்றாகவே ஆரம்பித்தார்கள்.

"ஐயோ, ஒருத்தர்னா ஒருத்தர்! ரெண்டு பேரும் நிறுத்தினா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே திரும்ப ஆரம்பிப்பீங்க? நீ சும்மா இரு. தங்கச்சி சொல்லட்டும்."

"அதேதாங்க!" என்று மேசையைத் தட்டினார் கமா மேடம். "ரெண்டும் நகர்ந்தா ரெண்டும் அடுத்த காலி இடத்துலயே போய் முட்டிக்கும். அஞ்சாவது கமா!"

"அண்ணிக்கு என்னாச்சு?" என்றாள் நாத்தனார்.

"ஆபீஸ் ஆரம்பிச்சிருச்சு," என்றார் கணவர்.

புரிந்தது பாதி வேலை. இது முன்பே எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பது மீதி. பிரிவுத் தலைவருக்கு அந்த மீதியில் நம்பிக்கையில்லை. "மேடம், மூணு நாட்டுல கொடுத்துட்டாங்க. அவங்க தேடிக் கிடைக்காததா நமக்குக் கிடைச்சிரப் போகுது? கையெழுத்தைப் போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க."

"அவங்க எந்தப் பேரைச் சொல்லித் தேடுனாங்கன்னு பாத்தீங்களா சார்?"

"என்ன பேரு?"

"சாதனம், வளம், ஒதுக்கீடு. எல்லாம் இப்ப வெச்ச பேரு. இது முப்பது வருஷத்துக்கு முந்தி பொறந்ததுன்னா அந்தப் பேருக்குத் திரும்பியே பாக்காது." பத்து நாள் கேட்டார். தலைவர் ஒரு வாரம் கொடுத்தார், முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டே.

நோட்டைத் திறந்து பின்னோக்கி நடந்தார் கமா மேடம். 'வளம்' என்பது முன்பு 'நேரத்துண்டு'. அதற்கு முன்பு வெறுமனே 'முறை'. உன் முறை, என் முறை என்கிறோமே, அந்த முறை. 'செட்', 'முறை' என்ற இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தேடினார். நானூற்றுச் சொச்சம் ஆவணம் வந்து விழுந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோழிப்பண்ணை மணி வந்தது, விமானப் பொம்மை வந்தது, காது கேட்காதவர்களுக்கான கதவு மணி வந்தது. நாலாவது நாள், கோணல்மாணலாக ஸ்கேன் செய்த பதினோரு பக்க விண்ணப்பம் ஒன்று கிடைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு மின்பணியாளர் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் எழுதியது. ஒரே கப்பலில் சரக்கு இறக்கும் நாலு பாரந்தூக்கிகளின் ஓட்டுநர்கள், மேற்பார்வைக் கூண்டின் உதவியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ஏற்பாடு. உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அந்த மனிதரையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பென்சிலை எடுத்தார். முதல் காற்புள்ளி இருந்தது. இரண்டு, மூன்று, நான்கும் இருந்தன. ஐந்தாவது இல்லை. மூன்றாவது செட் எச்சரிக்கிறது. ஆனால் யாரை நகரச் சொல்கிறது என்று எங்கும் எழுதவில்லை.

"நாலு பொருந்துதே மேடம், போதாதா?" என்றார் தலைவர், இப்போது தானும் ஆர்வமாகி.

"ஒண்ணு குறைஞ்சாலும், புதுசுன்னு சாதிச்சிருவாங்க சார். நாலே முக்கால்னு இதுல கிடையாது."

மீதி ஆவணங்களைப் புரட்டுவதில் மேலும் இரண்டு நாள் போயிற்று. ஏழாவது நாள் காலை, பதினொன்றே கால் மணிக்கு, அந்தப் பதினோரு பக்கத்தில், திரையில் சரியாகத் தெரியாத கடைசி இரண்டையும் அச்செடுத்தார். கையால் வரைந்த படங்கள், தாளில் பக்கவாட்டாகப் படுத்துக் கிடந்தன. கையெழுத்தைக் கணினி படிக்காது; அதனால்தான் எந்தத் தேடலிலும் அது அகப்படவில்லை. தாளைத் திருப்பினார். கட்டங்களும் அம்புக்குறிகளும். மூன்றாவது கட்டத்துக்குள் பொடிப் பொடியாக எழுதியிருந்தது: 'எண் சிறிய செட் அடுத்த முறைக்குப் போகட்டும். எண் பெரியது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.'

கமா மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசித்தார். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும்போதுதான் கண் ஏமாற்றும் என்பது அவர் பட்டு அறிந்தது. கண் ஏமாற்றவில்லை.

விசாரணை இரண்டு மாதம் கழித்து, கணினித் திரை வழியாக நடந்தது. அந்தப் பழைய பக்கங்கள் முன்கூட்டியே கம்பெனிக்குப் போயிருந்தன. வழக்கறிஞர் தயாராகத்தான் வந்திருந்தார். குரலில் நெய் வழிந்தது. "மேடம், உங்க உழைப்புக்குத் தலை வணங்கறேன். ஆனா அது பாரந்தூக்கி. இது நவீனத் தொடர்பு. அங்க பேச்சு போகுது, இங்க டேட்டா போகுது. ரெண்டையும் எப்படி ஒண்ணா வெச்சுப் பாக்க முடியும்?"

"உங்க வாக்கியத்துல டேட்டாங்கற வார்த்தை எத்தனாவது கமாவுக்கு அப்புறம் வருது சார்?"

வழக்கறிஞர் தாளைப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். அந்த வார்த்தை அங்கே இல்லை. உரிமையின் வேலி எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக இருக்கட்டும் என்று அவரேதான் அதை எழுதாமல் விட்டிருந்தார்.

"சரி, ஆனா அந்தப் படம்... அது தெளிவா இல்லையே. ஏதோ கிறுக்கல். அதை வெச்சு—"

"சார், அது அதேதான்," என்றது இன்னொரு குரல். திரையின் மூலையில், கம்பெனியின் பொறியாளர். கண்டுபிடிப்பாளர் என்று விண்ணப்பத்தில் முதல் பெயராக இருப்பவர். வழக்கறிஞர் திரும்பிப் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், நாங்க ஆறு பேர் ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டது இது. அந்த மனுஷன் ஒரு கட்டத்துக்குள்ள எழுதிட்டுப் போயிருக்கார்! எங்கேருந்து புடிச்சீங்க?"

"அவர் வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தாரு."

பத்து நிமிடம் அவகாசம் கேட்டார் வழக்கறிஞர். திரும்பி வந்தபோது அந்த அகன்ற வாக்கியம் போயிருந்தது. அதற்குப் பதில் வந்தது சின்னது: மூன்றாவது கருவி எப்போதும் விழித்திருக்காமல், குறிப்பிட்ட துண்டுகளில் மட்டும் எழுந்து கேட்டுவிட்டு மறுபடி தூங்கும் விதம். பேட்டரியைக் காப்பாற்றுகிற வழி. கமா மேடம் அதை அந்த இடத்திலேயே எழுந்து நின்று வாசித்தார். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் புரட்டியிருந்தார். இது எதிலும் இல்லை. "இது புதுசு," என்றார். "இன்னும் ஒரு தடவை தேடிப் பாக்கறேன். எனக்குத் தெரிஞ்சவரைக்கும், இது உங்களோடது." பொறியாளர் திரைக்குள்ளிருந்து கைகூப்பினார்.

மூன்று வாரத்தில் ஆணை வெளியாயிற்று. முன்பே உரிமை கொடுத்த மூன்று அலுவலகங்களில் ஒன்று, அந்தப் பதினோரு பக்கத்தின் நகலைக் கேட்டு எழுதியது. மாதக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் எழுந்து, "நாம கண்டுபிடிச்சோம்," என்று பேசினார். 'நாம'வில் தானும் இருக்கிறேனா என்பது போல் கமா மேடம் சுற்றுமுற்றும் பார்க்க, கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, "சரி, அவங்கதான். நான் ஒரு வாரம் கொடுத்தேன்," என்றார். கை தட்டினார்கள். இருபத்து மூன்று வருஷத்தில் அந்த அறையில் ஒரு பரிசோதகருக்காகக் கை தட்டியது அதுவே முதல் தடவை.

மறுநாள் தபாலில் ஒரு அஞ்சலட்டை வந்திருந்தது. முன்னாள் தீயணைப்பு வீரரின் கையெழுத்து. 'ஆணையைப் படித்தோம். பதினேழு பேரும் வேலைக்கு வந்திருக்கிறோம்.' அவ்வளவுதான். கமா மேடம் விதிப்படி அதற்கு எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்காலோடு நடைகூடத்தின் கோடிக்குப் போனார். யாரும் பயன்படுத்தாத பின்புறப் படிக்கட்டின் கனத்த கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மேலும் கீழும் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் மடித்துவைத்து, ஆறு மாடியும் அதிர, ஒரு விசில் அடித்தார்.