அரக்கை உருக்கி நிறுத்த தண்டட்டி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்திருந்த காலம். செத்துப்போன அம்மாவின் காதில் கிடந்த தண்டட்டிகளை விற்கப் பதுளைக்குப் போனேன்.

“உள்ள பூரா அரக்குதாம்மா. ஊருக்குப் போறவங்க எல்லாரும் பாதி விலைக்குத்தான் குடுக்குறாங்க,” என்றார் நகைக்கடை முதலாளி.

“யாரு போறா? எங்கம்மாவ தெமோதரையில புதைச்சிருக்கு. நான் இங்கதான் இருப்பேன். அரக்க உருக்கி எடுத்துட்டு நிறுத்துப் பாருங்க மொதலாளி,” என்று அவர் எதிரில் கிடந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

கடைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் உருக்கினார். அரக்கு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, தங்கத்துக்குரிய விலையைத் தந்தார்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

“நாளைக்கு எங்க லயத்துப் பொம்பளைங்க வருவாங்க. அவங்க ஊருக்குப் போறவங்கதான். அவங்க நகையையும் இப்படியே உருக்கித்தான் நிறுக்கணும். நானும் கூட வந்து இதே நாற்காலியிலதான் உக்காந்திருப்பேன்.”