வேலைநிறுத்தத்துக்கும் வருகைப் பதிவேடு

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மற்ற எல்லா மூலைகளிலும் அவள் சிவப்பு மை அக்கா. பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர். துணைவேந்தர்கள் ஏழு பேர் மாலையோடு வந்து மாலையோடு போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் இருந்த அவளுடைய நாற்காலி மட்டும் முப்பத்து மூன்று வருடமாக ஓர் அங்குலம் நகரவில்லை.

காலை பத்து மணி பத்து நிமிடம் ஆனதும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவாள். கையெழுத்து இல்லாத கட்டங்களில் எல்லாம் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு விழுந்த பிறகு வந்தால் அரை நாள் போச்சு. வராமலே இருந்தால் முழு நாளும் போச்சு. அந்த மூடி கழலும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும் என்பார்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருமுறை ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். மற்ற செருப்பு பேருந்திலேயே ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தது.

ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம் இருக்கும்போதுதான் வேலைநிறுத்தம் வந்தது.

கோரிக்கைகளுக்குக் குறைவில்லை. கடைசியாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியமே கிடையாது. நான்கு வருடமாகச் சம்பளம் அசையவில்லை. வேதியியல் கூடத்தின் புகைபோக்கி விசிறி நின்றுபோய், அதில் ஒரு பறவைக் குடும்பம் மூன்று தலைமுறையாக வாடகை இல்லாமல் குடியிருந்தது. மணிக்கணக்கில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்திய மணிக்கு மட்டும்தான் கூலி. விடைத்தாள் திருத்துவது அவர்களுடைய பொழுதுபோக்கு என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டிருந்தது போலும். அந்த மணிக்கணக்கு ஆசிரியர்களில் ஒருத்தி அக்காவின் சொந்த மகள். கணக்குப் பாடம்.

"நீ வருவியாம்மா?" என்று வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் கேட்டாள்.

"எனக்கு எதுக்குடி வம்பு? இன்னும் அஞ்சு மாசம். அனுமதியில்லாம பத்து நாள் வரலைன்னா சர்வீஸ்ல உடைசல். அப்புறம் பென்ஷன் பாதியாயிடும். அந்த விதியை டைப் அடிச்சதே நான்தான்."

"எனக்கு உடையறதுக்கு சர்வீஸே இல்லை. உன் பதிவேட்டுல எனக்கு ஒரு வரிகூடக் கிடையாது."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் தலையை நிமிர்த்தினார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு பேருமே ரைட். நடுவுல நான் எந்தப் பக்கம் திருப்பறது?"

"நீங்க வெங்காயத்தைப் பாருங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மறுநாள் ஒன்பதரைக்கு அக்கா வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பெயர், நானூற்றுப் பன்னிரண்டு வெற்றுக் கட்டம். ஜன்னல் வழியே கோஷம் கேட்டது. பிரதான வாசலுக்குள், அரச மரத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காது கொடுத்தால் ஆளையே சொல்லிவிடலாம். அந்த முரட்டுத் தொண்டை தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளர், சங்கச் செயலாளரும் அவர்தான். அந்தக் கீச்சுக்குரல் நூலகர். தாளம் தப்பிக் கத்துவது வரலாற்றுப் பேராசிரியர்.

பத்து பத்து. பேனாவின் மூடியைக் கழற்றினாள். முதல் கட்டத்துக்கு மேலே முனை போய் நின்றது. கோடு போட்டால் 'வரவில்லை' என்று அர்த்தம். ஆனால் அதோ வந்திருக்கிறார்களே! கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கிறவரை வரவில்லை என்று எழுதுவது எப்படி? முப்பத்து மூன்று வருடத்தில் அவள் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. அதே சமயம் ஒரு பொய்க்கோடும் போட்டதில்லை.

பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மேஜை மணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"வரிசையில வாங்க. கையெழுத்து" என்றாள்.

"அக்கா, நாங்க ஸ்ட்ரைக்ல இருக்கோம்" என்றார் செயலாளர்.

"இருங்க, யார் வேண்டாங்கறது? நீங்க வேலை பார்த்தீங்களான்னு இந்தப் புத்தகம் எப்பவாச்சும் கேட்டிருக்கா? வந்தீங்களான்னுதான் கேக்கும். இன்னைக்கு முதல் நாள்ங்கறதால அஞ்சு நிமிஷம் சலுகை."

சிரிப்பு எழுந்தது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது சங்கத்தைவிடப் பழையது. கைகள் தாமாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடின. ஐந்தே நிமிடத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வேலைக்குப் பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு ஓடிவந்தவர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் வரலாற்றுப் பேராசிரியர் தாமதமாக வந்து, போராட்டத்தில் அரை நாளை இழந்தார்.

"அநியாயம்! உலகத்துல எந்தப் போராட்டத்துலயாவது லேட் மார்க் உண்டா?"

"உங்க பாடத்துல தேடிப் பாருங்க சார். கிடைச்சா நாளைக்குக் கொண்டுவாங்க, பத்து பத்துக்குள்ள" என்றாள் அக்கா.

ஐந்தாம் நாள், கொழுந்தனார் கல்யாணத்துக்காகப் போராட்டத்திலிருந்து ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று ஒரு தட்டச்சர் விண்ணப்பம் கொடுத்தாள். செயலாளர் திருதிருவென்று விழித்தார். அக்கா அதில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி அவரிடம் நீட்டினாள்.

பதினோராம் நாள் மத்தியானம் பதிவாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைவேந்தருக்கு அடுத்த பெரிய பதவி. குளிரூட்டிய அறை, தேய்த்த சட்டை, தேய்க்காத முகம்.

"என்னம்மா இது? பத்து நாள் தாண்டிட்டா எல்லாருக்கும் சர்வீஸ் உடைசல்னு நோட்டீஸ் அடிச்சு வச்சிருக்கேன். நீங்க அனுப்பின வருகை அறிக்கையைப் பார்த்தா ஒரு ஆள்கூட ஆப்சென்ட் இல்லையே!"

"எல்லாரும் வந்தாங்க சார். வளாகத்துக்குள்ள, என் கண் முன்னால கையெழுத்துப் போட்டாங்க. பதிவேடு ரூமை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க."

விதி இல்லை. இருந்திருந்தால் அவள் அல்லவா டைப் அடித்திருப்பாள்!

பதிவாளர் மேஜையின் ஓரத்தில் இருந்த ஒரு கோப்பை விரலால் தட்டினார். "இது என்ன தெரியுதா? உங்க பென்ஷன் பேப்பர். என் கையெழுத்து இல்லாம இது நகராது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாக் கட்டத்துலயும் சிவப்புக் கோடு வரணும். வரலைன்னா பதிவேட்டைத் திருத்தினதா உங்க மேல விசாரணை. அஞ்சு மாசத்துல முடியற விசாரணை எதையாவது பார்த்திருக்கீங்களா?"

அவள் பார்த்ததில்லை. ஒன்பது வருடம் ஓடிய விசாரணையைப் பார்த்திருக்கிறாள். விசாரிக்கப்பட்டவர் முடிவு தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மகள் தலை குனிந்துகொண்டாள். "கோடு போட்டுடும்மா. முப்பத்து மூணு வருஷம் உழைச்சது. எங்களுக்காக நீ அதை விடாதே."

"வந்தவங்களுக்கு வரலைன்னு கோடா?"

"எனக்கு பென்ஷன் வருது" என்றார் கணவர். "ரெண்டு பேரும் அரை வயிறு சாப்பிடலாம். உனக்கு சக்கரை, எனக்குத் தொப்பை. டாக்டரும் அதைத்தான் சொல்றார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் தெரிந்தது, தான் எப்போதோ முடிவு எடுத்துவிட்டோம் என்று.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் அலுவலகம் வந்தாள். விசாரணை வரத்தான் போகிறது. பதிவேட்டில் ஒரு சின்னப் பிழையும் இருக்கக் கூடாது. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சரிபார்க்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் பந்தலில் போய் உட்கார்ந்ததும் இரண்டாம் பக்கத்தைத்தான் பிரிப்பாள். முதல் பக்கம் முழுக்க ஒரே ஒருவருக்கு. பதவிக்குக் கொடுக்கிற மரியாதை. அந்தப் பக்கத்துக்கு அவளுடைய சிவப்புப் பேனா போனதே இல்லை. போக வேண்டிய தேவை வந்ததில்லை. பதிவாளர் தினமும் ஒன்பதரைக்கு வந்து, யாருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடியேறுகிறவர்.

ஒன்பதே முக்காலுக்கு முதல் பக்கத்துக்கு வந்தாள். வரிசையாகப் பதினோரு கட்டம். பதினொன்றும் காலி.

கூட்டத்தைப் பார்க்கப் பயந்து மனுஷன் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறார்! பதிவேடு இருந்ததோ முன்பக்கத்தில், முதல் நாள் காலை அவள் மேஜையில், பிறகு பந்தலில்.

அக்கா படியில் ஏறவில்லை, பறந்தாள் என்று பியூன் பிறகு சத்தியம் செய்தார்.

"சார், நீங்க சொன்னபடியே கோடு போடறேன். விதிப்படி முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்" என்று பதிவேட்டை அவர் முன்னால் விரித்தாள். "பதினோரு நாள். இந்தப் பல்கலைக்கழகத்துலயே அனுமதியில்லாம வராதவர் நீங்க ஒருத்தர்தான் சார்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். கட்டங்கள் நிரம்பவில்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது.

"நான்... இந்த ரூம்லதானே இருந்தேன்? நீங்களே பார்த்தீங்களே!"

"ரூம்ல இருந்தா வந்ததா ஆகுமா? கையெழுத்து வேணும்னு நீங்க அனுப்பின சுற்றறிக்கைதான் சார்."

"கொடுங்க, இப்பவே போட்டுடறேன்."

"போன தேதிக்கு இப்பக் கையெழுத்தா? அதுக்குத் தண்டனை என்னன்னு நான் சொல்லணுமா? நடந்த பதினோரு நாளுக்கு விடுப்பு எழுதலாம், வழி இருக்கு. ஆனா அந்த நோட்டீஸ் வெளிய போச்சுன்னா முதல் பெயர் உங்களோடது. இன்னைக்குக் கணக்கு வேற. மணி ஒன்பது ஐம்பத்தஞ்சு. பதிவேடு வாசலுக்குப் போயிட்டிருக்கு."

அவள் முன்னால் நடந்தாள். பதிவாளர் பின்னால் ஓடினார்.

தேய்த்த சட்டை வேர்வையில் நனைய, பத்து மணி எட்டு நிமிடத்துக்கு அவர் பந்தலுக்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டதைக் கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. முதலில் கை தட்டியது யார் என்று தெரியவில்லை. பிறகு கூரைத் துணியே எழும்பிப் பறக்கிற மாதிரி தட்டினார்கள். நூலகர் நாற்காலி போட்டார். யாரோ தேநீர் நீட்டினார்கள். செயலாளர் அவர் சட்டையில் சிவப்பு ரிப்பனைக் குத்தினார். "வாங்க தோழர்! லேட்டா வந்தாலும் கோட்டுக்கு முன்னால வந்துட்டீங்க."

"நான் வந்து... கையெழுத்துக்குத்தான்..." என்று பதிவாளர் இழுத்தார். அது யார் காதிலும் விழவில்லை. மாலைப் பத்திரிகையில் படம் வந்தது: 'போராட்டத்தில் பதிவாளரும்!' ரிப்பன், தேநீர், அசட்டுச் சிரிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவரே அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஆட்சிக்குழு கலங்கிப்போனது. இருக்கிற ஒரே ஆளான துணைவேந்தருக்குத் தன் அறை விளக்கு எந்த சுவிட்சில் எரியும் என்றுகூடத் தெரியாது. அன்று ராத்திரியே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டு நாள் பேசினார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. சம்பளம் கேட்டதில் பாதி ஏறியது. புதியவர்களின் ஓய்வூதியத்துக்கு மூன்று மாதக் கெடு வைத்து ஒரு குழு. மணிக்கணக்கு ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தவும் ஊதியம், பணிப்பதிவும் உண்டு. பந்தலில் கையெழுத்துப் போட்ட நாட்கள் பணி நாட்களே. விசிறி மட்டும் மாற்றப்படவில்லை, பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பதிவாளர் அறையில் இரண்டு தாள்கள் எதிரெதிரே கிடந்தன. ஒன்று அக்காவின் ஓய்வூதியக் கோப்பு, அவர் கையெழுத்துக்காக. மற்றது அவருடைய பதினோரு நாள் ஈட்டிய விடுப்பு விண்ணப்பம்; அக்காவின் கையெழுத்துக்காக.

"காரணம் எழுதலையே சார்."

"உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கவா?"

"மருத்துவச் சான்று கேப்பேன்."

அவர் 'சொந்த வேலை' என்று எழுதினார். அக்கா படித்தாள், தலையசைத்தாள், பேனாவை எடுத்தாள். அவரும் எடுத்தார். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் போட்டார்கள் என்று பியூனைக் கேட்டால், கேட்கிறவர் எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.