நான் ஸ்ட்ரைக் செய்தேன் என்பதற்குச் சாட்சி

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் பென்ஷனை இழக்கப் பல வழிகள் உண்டு. லஞ்சம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கையாடல் செய்யலாம். மேலதிகாரியைக் கைநீட்டி அடிக்கலாம். இதற்கெல்லாம் கொஞ்சமாவது தைரியம் வேண்டும். தைரியமே இல்லாமல், அடி அண்ணாமலையில் உட்கார்ந்து டீ குடித்தே பன்னிரண்டு வருஷ சர்வீஸைத் தொலைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கிளார்க். எங்களுக்குப் பெரிய ஆபீஸ் அப்போது வேலூரில். சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தது. மறுநாளே மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: வேலைக்கு வராதவர்களுக்குப் பணிமுறிவு, அதாவது சர்வீஸில் 'பிரேக்'. ஹெட் கிளார்க் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெடுதல் என்று அர்த்தம்.

"பிரேக்னா என்னன்னு தெரியுமாப்பா? ஸ்ட்ரைக்குக்கு முந்தி நீ வேலை செஞ்சதெல்லாம் அழிஞ்சுபோச்சு. திரும்பி வந்து கையெழுத்துப் போடறே பாரு, அன்னைக்குத்தான் நீ உத்தியோகத்துல சேர்ந்த மாதிரி. பென்ஷன் கணக்கு அங்கருந்துதான்."

நான் இருபத்தெட்டு வயதில் வேலைக்கு வந்தவன். ஐம்பத்தெட்டில் ஓய்வு. முழு பென்ஷனுக்கு முப்பது வருஷம் வேண்டும் என்று சொல்வார்கள். நூல் பிடித்த மாதிரி சரியாக முப்பது எனக்கு. ஒரு நாள் குறைந்தாலும் என் முதுமையில் ஓட்டை விழும்.

சரி, உள்ளே போய்விடலாம் என்றால் அங்கே வேறு பயம். முந்தைய ஸ்ட்ரைக்கில் உள்ளே போனவர் ஒருவரின் சைக்கிளுக்கு யாரோ பழைய செருப்பு மாலை போட்டு, சுவரில் 'கருங்காலி' என்று கரியால் எழுதிவிட்டார்கள். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுவர் போகவில்லை. தினமும் அதைக் கடந்துதான் நான் தண்ணீர் குடிக்கப் போவேன்.

லீவு கேட்டேன். ஸ்ட்ரைக் முடிகிற வரை யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். உள்ளே போனால் செருப்பு, வெளியே நின்றால் பென்ஷன் போகும். உள்ளேயும் போகாமல் வெளியேயும் நிற்காமல் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதைப் பெரிய ராஜதந்திரம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஸ்ட்ரைக் ஆரம்பித்த காலையில் இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் கேரியர். மனைவியிடம் "ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்" என்றேன். தெருமுனை திரும்பியதும் செங்கம் ரோட்டைப் பிடித்து நேராக கிரிவலப் பாதை. பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அந்தப் பாதையில் அப்போது ஆள் நடமாட்டம் குறைவு. புளியமரங்கள், ஆடு மேய்ப்பவர்கள், எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிற காவித் துணிக்காரர்கள். நான் அவர்களோடு கலந்தேன். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டால், போலீஸோ என்று ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றுவிடுவேன். பயத்தில் தொடை நடுங்கும். பார்க்கிறவர்களுக்குப் பக்திப் பரவசம் மாதிரி இருந்திருக்கும்.

பாதையோரம் அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா மூன்றாம் நாள் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"என்னா சாமி, தெனமும் மடிப்புக் கலையாத சட்டை, கையில டிபன் கேரியர். வேண்டுதலா?"

"ஆமாம்மா."

"எத்தினி நாளைக்கு?"

"மேல சொல்ற வரைக்கும்."

"மேலன்னா?" என்று மலையைக் காட்டினாள்.

"இல்லம்மா, சென்னை" என்று வாய் தவறி உளறிவிட்டேன்.

"அட, நீ ஆபீஸ் சாமியா! உள்ள போனா அடிப்பாங்களா, வெளிய நின்னா புடிச்சிட்டுப் போவாங்களா? எதுக்கு ஓடியாந்தே?"

"ரெண்டுக்கும்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த ஆடு எழுந்து நின்றது. ஆனால் டீயில் சர்க்கரை ஜாஸ்தி போட்டாள்.

ஒருவழியாக ஸ்ட்ரைக் முடிந்தது. கைதாகியிருந்த சங்கச் செயலாளரும் இன்னும் சிலரும் ஜெயிலிலிருந்து வந்தார்கள். வேலைக்கு வராத எல்லோருக்கும் மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள். மற்றவர்கள் 'சங்கத்தின் அழைப்பை ஏற்று வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டேன்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. நான் நாலு பக்கம் எழுதினேன். கடும் காய்ச்சல் என்றேன். எழுந்து நிற்க முடியவில்லை என்றேன். எனக்கும் சங்கத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை, வேலைநிறுத்தத்தில் நான் பங்கேற்கவே இல்லை என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே காய்ச்சல் அடித்த மாதிரி இருந்தது.

யார் விளக்கத்தையும் மேலிடம் ஏற்கவில்லை. எல்லோருக்கும் பிரேக். சில மாதங்கள் ஆபீஸே சாவு வீடு மாதிரி இருந்தது. அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து ஓர் உத்தரவு வந்தது: வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்களின் பணிமுறிவு ரத்து, அந்த நாட்கள் லீவாகக் கருதப்படும். ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டாவது லட்டில் இருந்தபோது ஹெட் கிளார்க் கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது.

"நீ எதுக்குப்பா லட்டு சாப்பிடறே?"

"எல்லாருக்கும் பிரேக் போச்சே சார்."

"ஸ்ட்ரைக் பண்ணவங்களுக்குப் போச்சு. நீதான் பண்ணவே இல்லைன்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்கியே. நீ சும்மா வராம இருந்தவன். உனக்கு இந்த உத்தரவுல இடமே இல்ல."

லட்டு தொண்டையில் நின்றது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவரே மெதுவாகச் சொன்னார்: "பி.எஃப். உன் காசு, அது வந்துடும். பென்ஷன்தான்பா போச்சு, பன்னெண்டு வருஷம். சங்கத்துல கேளு. நீயும் ஸ்ட்ரைக்ல இருந்தேன்னு அவங்க எழுதிக் குடுத்தா வேலூருக்கு அனுப்பிப் பாக்கலாம்."

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், கிரிவலம் உட்பட. மனைவி கோபப்படுவாள், திட்டுவாள், நானும் ஏதாவது தமாஷ் செய்து சமாளிக்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நீங்க முந்திப் போயிட்டா எனக்கு ஒரு பென்ஷன் குடுப்பாங்களே. அதுவும் கம்மியாயிடுமா?"

"ஆவும்."

"எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. அதைவிட, தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. எதற்கும் ஒரு விகடம் வைத்திருப்பவன் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். அன்றைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. முறத்தை வாங்கி நானே கல் பொறுக்க ஆரம்பித்தேன்.

சங்கத்தின் அறை தேரடி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே. செயலாளரும் நாலைந்து பேரும் பெஞ்சில் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஓர் இளைஞன் ஆரம்பித்தான்.

"ஸ்ட்ரைக் அன்னைக்கு எங்க சார் இருந்தீங்க? பந்தல்ல பாக்கலையே."

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கும் பயம். "கிரிவலம்" என்றேன்.

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

அறை அதிர்ந்தது. கீழே பாத்திரங்கள்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"எள்ளளவும் தொடர்பில்லைன்னு எழுதினீங்களாமே. தொடர்பில்லாத சங்கம் உங்களுக்கு எதுக்கு எழுதித் தரணும்?"

கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"கையக் கீழ எறக்குங்க. நான் என்ன மலையா?" என்றார். "பயமா?"

"ஆமாம் தோழர்."

"எனக்கு இல்லையா? ஜெயில்ல தினமும் பிரேக்க நெனச்சுட்டுத்தான் படுத்தேன். என் பொண்டாட்டி கம்மலை அடகு வெச்சு சோறு போட்டா." நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "கேட் உள்ள போனீங்களா?"

"இல்ல."

"அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து?"

"இல்ல."

"சம்பளம் வாங்கினீங்களா?"

"பிடிச்சிட்டாங்க."

"அப்ப ஸ்ட்ரைக்தான். ஓடிக்கிட்டே பண்ண ஸ்ட்ரைக்" என்று சொல்லி, சங்கத் தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். இளைஞன் ஏதோ முணுமுணுத்தான். "இவர் உள்ள போயிருந்தா இன்னும் நாலு பேர் பின்னாடியே போயிருப்பாங்க. விடு" என்றார்.

அந்தத் தாளை ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தபோது நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது புது பயம்.

"எழுந்து நிக்க முடியாத காய்ச்சல்னு எழுதினவன் எப்படிப்பா ஸ்ட்ரைக் பண்ணான்? பொய் விளக்கம் குடுத்ததுக்குத் தனியா நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே குறிப்பு எழுதினார். 'முந்தைய விளக்கம் அச்சத்தின் காரணமாக அளிக்கப்பட்டது என மேற்படி ஊழியர் தெரிவிக்கிறார்.' என் வாழ்க்கையில் என்னைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்ட ஒரே முழு உண்மை அதுதான்.

வேலூரிலிருந்து பதில் வர வெகு காலம் ஆயிற்று. தபால்காரர் வரும் நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விடுவேன். கடைசியில் உத்தரவு வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். கதவுக்கு வெளியே நின்று ஹெட் கிளார்க் கத்தினார்: "வெளிய வாப்பா! உன் பன்னெண்டு வருஷமும் வந்துடுச்சு!"

சில வருஷம் கழித்து இன்னொரு ஸ்ட்ரைக். அதே மாதிரி எச்சரிக்கை, அதே பிரேக், எனக்கு அதே நடுக்கம். இந்த முறை விடியும்போதே ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன்கூட வரவில்லை. சங்கக் கொடிக்குக் கீழே, ரோட்டில் போகிற எல்லோருக்கும் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ் வேன். அன்று சங்க அறையில் கேள்வி கேட்ட இளைஞன் சைக்கிளில் வந்து இறங்கி, என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன தோழர்! எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டீங்க, அவ்வளவு வீரமா?"

"வீரமாவது ஒண்ணாவது" என்றேன். "நல்லாப் பாத்துக்கப்பா. நான் இங்கதான் இருக்கேன். வர்றவங்க எல்லாரையும் பாத்துக்கச் சொல்லு."