கோயில் மாத்திரை

கேக்கறதுக்கு வேற கதையே கெடைக்கலியாடி உனக்கு? மாடிக்குக் குடி வந்து பால் காய்ச்சின பாத்திரம் இன்னும் ஆறல, அதுக்குள்ள செவுத்துல மாலை போட்ட போட்டோ யாரு, எப்படிப் போனான்னு விசாரணை. போலீஸ்ல சேந்திருந்தா இந்நேரம் உனக்கு ஜீப்பே குடுத்திருப்பாங்க. சரி, உக்காரு. அவ என் மருமக, ஒரே மகனோட பொண்டாட்டி. சிரிக்கறாளே, அது போட்டோக்காரனுக்காக சிரிச்சதில்ல. அவன் முதுகுக்குப் பின்னால நின்னு நான் மூஞ்சியக் கோணிக் காட்டினேன், அதுக்கு.

இந்த மண்டி மொஹல்லாவுல மாமியார் மருமக சண்டை போட்டா வாசல்ல கூட்டம் கூடும். எங்க வாசல்ல கூடினது சிரிக்கறதுக்கு. நானும் அவளும் எதிரெதிரா உக்காந்து ஊதுபத்தி உருட்டுவோம். "நீ உருட்டறது ஊதுபத்தியாடி, முருங்கைக்காயா?"ன்னு கேப்பேன். "முருங்கைக்காய் தடிமன் இருந்தாத்தானே உங்க கண்ணுக்குத் தெரியும் அத்தே"ம்பா. நான் கையெழுத்துக்கு மேல படிக்காதவ. அவ பத்தாவது வரைக்கும் போனவ, சினிமா போஸ்டர்ல இருந்து மருந்து டப்பா வரைக்கும் எனக்குப் படிச்சுக் காட்டுவா. அவ படிக்காம விட்டது ஒண்ணே ஒண்ணு, தன்னோட மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காகிதம்.

என் சின்னப் பேரன் பொறந்ததும் இனி போதும்னு அந்த மாத்திரைய ஆரம்பிச்சா. ஆபரேஷன்னா அவளுக்கு பயம். டாக்டர்கிட்டயும் போகல, பக்கத்து வீட்டுக்காரி தின்னுட்டுப் போட்ட வெறும் பட்டைய மெடிக்கல்ல காட்டினா, கடைக்காரன் அதையே எடுத்துக் குடுத்தான். எங்க சந்துல பாதிப் பொம்பளைங்க அதத்தான் சாப்பிடுவாங்க. ஆனா கொழந்தை வராம இருக்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பேரு கோயில் மாத்திரை. ஒரு பட்டை முடிஞ்சு இடைவெளி விடாம அடுத்ததத் தொடங்கிட்டா தீட்டு தள்ளிப் போயிடும். வரமகாலட்சுமி பூஜையோ தசராவோ, எதுக்கும் ஒதுங்கி உக்கார வேணாம். சாமி பேர வெச்சுட்டா வெக்கமில்லாம வாசல்ல நின்னே கேக்கலாம் பாரு, "உங்கிட்ட கோயில் மாத்திரை இருக்காடி"ன்னு.

அப்பப்ப தலை வலிக்குதும்பா. ஊதுபத்தி வாசனை மண்டைக்கு ஏறிடுச்சுன்னு சொல்லிக்குவோம். எங்களுக்கு எது வந்தாலும் பழி ஊதுபத்தி மேலதான்.

அந்த சிவராத்திரிக்கு அவளும் இடைவெளி விடாம அடுத்த பட்டையச் சாப்பிட்டுட்டு எங்களோட மாதேஸ்வரன் மலைக்கு வந்தா. கொள்ளேகால் வழியா பஸ்ல கால மடக்கி உக்காந்து போய், அடிவாரத்துல எறங்கி நடந்து ஏறுறது எங்க வழக்கம். திரும்பி வந்ததும் அவளுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிக்கிச்சு. தொட்டா சுடும். மலை ஏறினா கால் வலிக்காம காதா வலிக்கும்னு நான் கேட்டேன். சந்துப் பொம்பளைங்க வந்து பாத்துட்டு, நல்லா ஏறியிருக்கேடின்னு மெச்சிட்டுப் போனாங்க. ஏறினது ரெண்டு காலும், வீங்கினது ஒண்ணுதானேன்னு யாருக்கும் தோணல.

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். வயசுப் பையன் அந்த டாக்டரு, நல்லவன். "பேரே ஏனாதரூ மாத்ரெ தகோத்தீரா?"ன்னு கன்னடத்துல கேட்டான், வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களான்னு. அவ என்னப் பாத்தா, நான் அவளப் பாத்தேன். "இல்லா சார்"னு சொன்னா. அது பொய்யில்லடி. மாத்திரைன்னா ஜொரத்துக்கு, சக்கரைக்குத் தின்றது. இது கோயில் சமாச்சாரம். அத ஒரு ஆம்பளப் பையன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நரம்பு இழுத்திருக்கும்னு தைலம் எழுதிக் குடுத்து அனுப்பினான்.

அப்புறம் ஒரு காலையில மொட்ட மாடியில துணி காயப்போட்டுட்டு எறங்கி வந்தவ, செவுத்தப் புடிச்சிட்டு உக்காந்துட்டா. "அத்தே, உங்க மகன் ஆட்டோ மாதிரி நெஞ்சு ஓடுது"ன்னா. "அப்ப மீட்டரப் போட்டுக்கோ"ன்னேன். அதுக்கும் சிரிச்சா. அந்தச் சிரிப்பு பாதியில இருமலா மாறிச்சு, ஒதடு நீலமாச்சு. மகன் ஆட்டோவுலயே தூக்கிட்டு ஓடினோம். என் தோள்ல சாஞ்சு கெடந்தா. அத்தனை வருஷத்துல அவ எனக்கு எதிர்ப் பேச்சு பேசாம வந்த ஒரே பயணம் அது.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா வெளிய வந்து, கர்ப்பத்தடை மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுவாங்களான்னு நேராக் கேட்டாங்க. மகன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அது மாத்திரையாம்மா? கோயில் மாத்திரைதான்"ன்னேன். அந்தம்மா ஒண்ணும் திட்டல. என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: நெறையப் பேருக்கு அது ஒண்ணும் பண்ணாது, சிலருக்கு ரத்தம் கட்டிக்கும், கால்ல கட்டினது பேந்து நுரையீரலுக்குப் போயிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா, கரைக்கறதுக்கு மருந்து இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. இல்லேன்னு சொல்லியிருக்கலாம் அந்தம்மா. மத்தியானத்துக்குள்ள என் மருமக போயிட்டா.

சின்னவன் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்தான். வீட்டுக்கு வந்து அம்மா எங்கன்னு கேட்டதுக்கு வேடிக்கை பேசத்தான் வாயத் தொறந்தேன், எனக்கு வேற தெரியாதே. அப்படியே மூடிக்கிட்டு அவன் புத்தகப் பைய வாங்கி மாட்டினேன்.

காரியம் முடிஞ்சதும் குழாயடியில குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாங்க. தீட்டோட மலை ஏறியிருப்பா, சாமி காலப் புடிச்சிடுச்சுன்னு. கொடத்தக் கீழ வெச்சேன். "ஏண்டி, என் மருமக சுத்தமாத்தான் ஏறினா. சுத்தமா இருக்கணும்னுதான் செத்தா. உங்க வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னாலயும் அதே பட்டை இருக்கு, எனக்குத் தெரியும். திங்கறதும் விடறதும் டாக்டரக் கேட்டுச் செய்யுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா, மூச்சு முட்டினா, தைலம் தேடாம ஓடுங்க. போனா அதோட நெசப் பேரச் சொல்லுங்க. வாய் வரலேன்னா என்னக் கூட்டிட்டுப் போங்கடி, உங்களுக்குப் பதிலா நான் சொல்றேன். என் வெக்கமெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலயே தீந்து போச்சு"ன்னேன்.