போகவிடாத துறைமுகம்

படகில் இருந்தது மூன்று பேர்: நான், மொன்றியலில் ரொக்ஸ்பரோ பக்கம் இருக்கும் என் பெரியப்பா மகன் சிவா அண்ணை, அவருடைய மனைவி ரதி மச்சாள். அவர்களின் மகள் வரவில்லை, பாய்மரப் படகு என்றதுமே தனக்கு வாந்தி வருமென்று பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். பேய், சாமி எதையும் நம்பாதவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன். அப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவிப் படிக்கவைத்தார், இந்தப் பயணம் முடிந்த திங்கள்தான் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் என் முதல் எஞ்சினியர் வேலை தொடங்க இருந்தது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தபடி சொல்கிறேன்.

ஜூன் தொடக்கம், கிரேக்கத் தீவுகள். வெள்ளி மாலை திடீர்க் காற்றில் படகு சரிந்தபோது அண்ணை ஒரு நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்து பாய்மரக் கம்பத்தில் கட்டி, கரை சேர்ந்தால் மொன்றியல் கோயிலில் அன்னதானம் என்று நேர்ந்துகொண்டார். காற்று உடனே அடங்கியது. எதிரே ஒரு குட்டித் துறைமுகம், அன்றிரவு அங்கேயே படகைக் கட்டினோம், படம் எடுத்து மாளாத அழகு, வெள்ளை வீடுகள், பச்சைத் தண்ணீர், கரையிலேயே சின்னத் தேவாலயம். உள்ளே தகரத்தில் வெட்டிய கண், கை, படகு எல்லாம் தொங்கின.

“இதுகளும் நேர்த்திதான். காப்பாத்தினது இந்த இடம். காசை இங்க வைப்பம்,” என்றார் மச்சாள்.

நான்தான் மறித்தேன். “ஒரு வேலைக்கு ரெண்டு இடத்தில ஃபீஸ் கட்டுறதோ மச்சாள்?”

அண்ணையும் சிரித்தார்.

சனி காலை ஏழுக்குப் புறப்பட்டோம். பக்கத்துத் தீவில் மாலை ஐந்துக்கு விமானம், அதை விட்டால் திங்கள் வேலைக்குப் போக முடியாது. முனையைச் சுற்றினால் திறந்த கடல் வரவேண்டும், அதே துறைமுகம் வந்தது. வழி பிழைத்துவிட்டதென்று நினைத்துக் கட்டினோம். கரையில் நின்று படகுக் கயிற்றை வாங்கிக் கட்டுகிற மனிதர் ஆச்சரியமே படாமல் முதல்நாள் போலவே கட்டணச் சீட்டை நீட்டினார். மறுபடி புறப்பட்டோம், இம்முறை ஜிபிஎஸ்ஸிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை, கோடு நேராகத் தெற்கே போனது, நம்பினால் நம்புங்கள், நிமிர்ந்தபோது அந்த மனிதர் கயிற்றுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொளுத்தும் வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. இந்த அழகுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

போகிற வழி எதென்று அவரிடம் கேட்டேன். அவர் கம்பத்திலிருந்த முடிச்சைப் பார்த்தார், பிறகு தேவாலயத்தைப் பார்த்தார்.

மச்சாள் மெல்லச் சொன்னார்: “நீதானே தம்பி மறிச்சனி. நீயே அவிட்டுக்கொண்டு போய் வை.”

அவிழ்த்துக்கொண்டுபோய்த் தகரப் படகுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சொல்ல வெட்கம், கும்பிட்டேன்.

அதன்பிறகு முனை தாண்டியதும் கடல் திறந்து கிடந்தது. விமானத்தையும் பிடித்தேன், திங்கள் எட்டுக்கு லவாலில் இருந்தேன்.

ஆனால் நாங்கள் அங்கே படகைக் கட்டியது மூன்று முறை. அண்ணையின் பையில் இருந்தது நான்கு சீட்டு. நான்காவதிலும் எங்கள் படகின் பெயர், ஆட்கள் மூன்று, தேதி மட்டும் வருகிற ஜூன். இன்னும் வராத அந்த நாளுக்கும் சேர்த்து அண்ணையின் கார்டில் நாற்பது நாற்பதாகக் கழிந்திருந்தது, நூற்றறுபது யூரோ.