ஆறரை மணிக் கூச்சல்

கிள்ளான் வீட்டில் இருந்தவரை எனக்கு ஒரு நண்பர் இருந்தார். முகம் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து, சுற்றுவட்டாரத்து ஆட்கள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவில் பேசுவார். ரேடியோவில் பேசும் எங்களுக்குள் சொந்தப் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எதுவும் கேட்பது கிடையாது. ஊர்தான் பெயர். அவர் தெலுக், நான் கிள்ளான். தினமும் மாலை ஆறரைக்கு, "கிள்ளான், கிள்ளான், இன்னிக்கு என்ன கறி?" என்று ஆரம்பிப்பார். அவருடைய மிளகாய்ச் செடியில் பூச்சி விழுந்ததையும் என் முழங்கால் வலியையும் ஏழு வருடம் பேசியிருக்கிறோம். பெரிய விஷயம் எதையும் பேசியதில்லை.

அதனால்தானோ என்னவோ, மனைவியும் நானும் பிரியப்போவதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு அவளுக்கு என்று முடிவானது. நான் ரேடியோ செட்டையும் நாலு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு தொலைவில் பிரிக்பீல்ட்ஸில் பதினோராம் மாடியில் ஓர் அறைக்கு வந்தேன். ஆன்டெனாவைப் பால்கனிக் கம்பியில் கட்டி, ஆறரைக்குச் செட்டைப் போட்டேன். அவர் குரல் நன்றாகவே வந்தது.

"கிள்ளான், என்னாச்சு? மூனு நாளா ஆளையே காணோம்?"

பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. அவர் வீட்டைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். அந்த மோட்டார்கள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சலில் தூரத்துச் சிக்னல் அமுங்கிப்போகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கூப்பிட, நான் கத்த, அவர் மறுபடியும் கூப்பிட, பத்து நிமிடத்தில் சேனல் அடங்கிவிட்டது. கீழே தெரு நிறைய ஆட்கள். அத்தனை பேரில் என்னைத் தேட ஒருவரும் இல்லை. தேடிய ஒரே மனிதருக்கோ என் குரல் எட்டவில்லை. அன்று அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்.

செட்டைக் காரில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பேசியிருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் எனக்கு வீம்பு. இருபது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன், இந்தச் சின்னப் பெட்டியிடம் தோற்பதா? வீட்டைத்தான் விட்டுக்கொடுத்தாயிற்று, இதையுமா?

மூடியைக் கழற்றினேன். ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடைப் பூட்டினேன். அலையைக் காற்றில் விடாமல் சூடாக மாற்றித் தின்றுவிடும் சாமான் அது. சோதிக்கும்போது ஊருக்குத் தொல்லை இல்லை. நடுவில் வாட் மீட்டர். பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் ஆன்டெனாவுக்குச் சக்தி அனுப்பும் கடைசிக் காயிலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். நாலு வாட்டில் நின்ற முள் ஆறுக்கு ஏறியது. அடுத்து மாடுலேஷன், அதாவது அலையின் மேல் குரல் எவ்வளவு ஏறுகிறது என்பது. மைக்கில் விசிலடித்துக்கொண்டே அதன் திருகைக் கடைசிவரை திருப்பினேன். அதுவும் போதவில்லை. குரல் அளவு மீறாமல் பிடித்துவைக்க உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. அதன் காலையும் வெட்டினேன். செய்யக்கூடாத வேலை, சட்டப்படியும்தான். விசிலடித்ததும் முள் ஓரத்தில் போய் இடித்தது. எனக்கு ஒரே குஷி.

திருகியவன் உடனே பக்கத்தில் யாரிடமாவது ரிப்போர்ட் கேட்க வேண்டும், சொல் புரிகிறதா என்று. அதுதான் எங்கள் வழக்கம். முள்ளுக்குச் சத்தம் தெரியும், சொல் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. முதல் ரிப்போர்ட்டைத் தெலுக்தான் தர வேண்டும் என்று பிடிவாதம்.

மறுநாள் ஆறரைக்கு அழைத்தேன். உடனே பதில் வந்தது.

"யாரு அது? கரகரன்னு ஒன்னுமே புரியல லா."

சத்தமாவது எட்டிவிட்டதே! இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். மைக்கை உதட்டில் ஒட்டிக்கொண்டு, பிரிந்தது, வீடு மாறியது, சாப்பாடு கடையில் என்பது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். இப்படி ஒரு வாரம். புதன்கிழமை அவர் பொறுமை இழந்தார்.

"பாஸ், நீங்க யாரா இருந்தாலும் சரி. இந்த நேரத்துக்கு என் கூட்டாளி ஒருத்தர் வருவாரு. அவருக்கு என்னாச்சுன்னே தெரியல. நீங்க டெய்லி வந்து இப்படிக் கத்துனா, அவர் கூப்பிட்டாலும் எனக்கு எப்படிக் கேக்கும்? கொஞ்சம் வேற சேனல் போங்க லா."

எனக்கு இடம் விடச் சொல்லி என்னையே விரட்டுகிறார். மைக்கைக் கீழே வைத்தேன்.

குரலை அளவு மீற விட்டு, சொல்லையெல்லாம் நானே சிதைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்டிய காலைப் பற்றவைத்து, திருகுகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆனது. அதுவரை செட் மேசையில் பிரிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வீம்பை விட்டுவிட்டு, அதைக் காரில் பூட்டிக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்குக்கே போனேன். ஒரு தொழிற்சாலை மதிலோரம் நிறுத்தி, ஆறரைக்கு "தெலுக், தெலுக்" என்று அழைத்தேன். இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாம் முறை ஒரு லோரி டிரைவர் சேனலில் வந்தார்.

"அண்ணே, உங்க வாய்ஸ் நல்லா கிளியரா இருக்கு. தெலுக்கையா கூப்பிடறீங்க? அவரு செட்டையே கழட்டிட்டாரு."

"ஏன்?"

"கிள்ளான்காரர் ஒருத்தருக்காகத் தினம் காத்துக்கிட்டு இருந்தாரு. எவனோ ஒருத்தன் கத்திக் கத்திச் சேனலை ஜாம் பண்ணிட்டான். வியாழக்கிழமை அந்தக் கத்தல் நின்னுச்சு. அன்னிக்காச்சும் கிள்ளான் வருவாருன்னு ரொம்ப நேரம் கூப்பிட்டுப் பார்த்தாரு. வரல. போதும்னு சொல்லிட்டு ஆஃப் பண்ணிட்டாரு."

"அவரு வீடு எங்கேன்னு தெரியுமா?"

"ரேடியோல யாருண்ணே வீடு கேக்கறா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த ஜாம் பண்ணவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவர் குரலில் உண்மையாகவே கோபம் இருந்தது.

மைக் பொத்தானை அழுத்தி, தெரியாது என்றேன்.