சுற்றுலாத் தொகுப்பில் சித்தப்பா

சித்தப்பாவின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் வருவது ஒரு மலை. சின்னக்கானலில் எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் நின்று அவரே எடுத்த படம். தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், வேலை முடிந்து வந்து, லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தத் தலைமுறையில் மலையேறி வந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அந்தத் தளத்தில் எழுதிவைத்தார். பழைய வேலைச் சீட்டுகளையும் படம்பிடித்துப் போட்டார். மலைப் படம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "தொறந்து பாக்குறவனுக்கு மொதல்ல நம்ம ஊரு அழகாத் தெரியட்டும்டா. நம்ம கஷ்டத்த உள்ள வந்து படிச்சுக்கிடட்டும்" என்றார்.

நான் பாலக்காட்டில் ஓர் இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் காணாமல் போகக்கூடிய தளங்களை நகலெடுத்துத் தொகுப்புகளாகப் பிரிப்பது வேலை. கோயில், தேர்தல், சுற்றுலா, தோட்டத் தொழிலாளர் என்று போகும். ஒரு தளத்துக்கு ஒரே தொகுப்புதான் என்பது எங்கள் விதி. தள முகவரியையோ சொல்லையோ போட்டுத் தேடும் வசதியும் கிடையாது. தொகுப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். மாலைக்குள் கண் எரிந்துவிடும். முகப்பைப் பார்த்ததுமே கை தானாக ஏதோ ஒரு தொகுப்புக்குள் தள்ளிவிடும்.

சித்தப்பா இறந்த மறு வருடம் அவர் தளமும் நின்றுபோனது. லயம் இடிந்த மழையில் தாத்தாவின் வேலைச் சீட்டும் போய்விட்டது. சித்தப்பா மகளுக்கு அரசு வேலை கைக்கு எட்டிய நேரம் அது. தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வந்துவிட்டோம் என்று காட்டினால்தான் எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கும்; அது இருந்தால்தான் அந்த வேலை.

"அண்ணே, நகலாவது கொண்டான்னு வில்லேஜ் ஆபீஸ்ல சொல்றாங்க. அப்பா போட்டது உங்க ஆபீஸ்ல இருக்குமாண்ணே?"

தோட்டத் தொழிலாளர் தொகுப்பை இரண்டு நாள் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, இல்லை என்றேன். கெடு முடிந்தது. இப்போது அவள் ஒரு ரிசார்ட்டில் அறை கூட்டுகிறாள்.

போன வாரம் சுற்றுலாத் தொகுப்பைச் சரிபார்த்தபோது, ரிசார்ட் விளம்பரங்களுக்கு நடுவே அந்த மலை இருந்தது. பிரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். உள்ளே தாத்தாவின் சீட்டு, ஓர் எழுத்துகூட அழியாமல். வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவக்கூட மனம் வரவில்லை.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீங்களாண்ணே அங்க போட்டது?"

"ஆமாம்மா. மேல இருந்த படத்த மட்டும் பாத்துட்டு, நம்ம மலைன்னுகூடக் கவனிக்காம..."

"உள்ள தொறந்தா மொதப் பேரே உங்க அப்பா பேருதானண்ணே" என்றாள்.